கடலுக்கடியில் ஒரு கல்யாணப் போட்டோகிராபர்

நாலு பக்கமும் தண்ணீர் இருக்கும் ஊரில் பிறந்தவனுக்கு நீச்சல் கட்டாயம் தெரிந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மட்டாஞ்சேரிக்காரனான நானும் அந்த நினைப்பை இதுவரை கெடுத்ததில்லை. உண்மையில் எனக்கும் தண்ணீருக்கும் இருந்த உறவு எறணாகுளம் போகும் படகின் ஜன்னலோர சீட்டோடு முடிந்துவிடும். படகு கொஞ்சம் ஆடினாலும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன் (யாரும் பார்க்காதபோது). இப்படிப்பட்டவன் ஒரு மார்கழி மாதம் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கோவளத்துக் கடலுக்குள் மீன்களைப் படம் பிடிக்கப் போனான் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். கல்யாணம்.

தாத்தா காலத்தில் நகரசபைத் துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவும் அதே வேலை. அப்பா போன பிறகு அந்த வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. விடியும் முன்னே அம்மா துடைப்பத்தோடு கடைவீதிக்குப் போய்விடுவாள். நான் படித்தது மலையாள மீடியம், தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது பிற்பாடு (இந்தக் கட்டுரையில் பிழை ஏதும் கண்டால் என் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொள்ளவும்). அப்போது நான் சுகுச்சேட்டனின் ஸ்டூடியோவில் கல்யாணப் போட்டோகிராபர். மணமகளின் நெற்றிச்சுட்டி கோணலாக இருந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன். மாப்பிள்ளையின் சித்தப்பாவை, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும், குரூப் போட்டோவுக்கு எழுப்பிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தக் காலத்தில் என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

அந்த அபிப்பிராயம் இல்லாத ஒரே மனிதர் பள்ளுருத்தி மாரியப்பன் மாமா. அவருடைய மகள் ரேவதியைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். ரேவதி இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தாள். அவளுக்கும் என்மேல் விருப்பம்தான். மாமா நகரசபையில் நிரந்தர வேலைக்காரர். உலகத்தில் மனிதர்கள் இரண்டே ஜாதி, மாசச் சம்பளம் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள் என்பது அவருடைய கொள்கை. அவர் என் தொழிலை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். மார்கழியில் தமிழர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதுவே மலையாளிகளுக்குத் தனு மாதம், அவர்களும் ஒதுக்கிவிடுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு கிறிஸ்துமஸ் வரை நோன்பு. ஆடி மாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். "அப்ப அந்த மாசமெல்லாம் எம் மோளு என்ன, ஆல்பத்தைப் பாத்துக்கிட்டா இருப்பா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார். தை பிறப்பதற்குள் மாசச் சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டால் மேலே பேசலாம், இல்லையென்றால் பெண்ணுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று முடித்துவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். எனக்கு வழி பிறந்த பிறகுதான் தையே பிறக்கும் என்று ஆகிவிட்டது.

வழியைக் காட்டியவர் சுகுச்சேட்டன். கோவளத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ஸ்கூபா டைவிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். கடலுக்குள் போய் மீன், ஆமை, நண்டு என்று எல்லாவற்றையும் நல்லபடியாகப் படம் எடுக்க ஒரு ஆள் வேண்டும், டைவிங்கை அவர்களே கற்றுக்கொடுப்பார்கள், சம்பளம் மாசா மாசம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு தடவை பயிற்சியாளரோடு இறங்கிப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். போனில் பேசியபோது நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். "கொச்சிக்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது" என்றேன். (பாருங்கள், அப்போதும் நான் பொய் சொல்லவில்லை.)

தண்ணீருக்குள் கேமராவைக் கொண்டுபோக ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும். அது சுகுச்சேட்டனிடமே இருந்தது. புதுமண ஜோடிகளைக் கடலுக்குள் நிறுத்திப் படம் எடுக்கலாம் என்று ஒரு வேகத்தில் வாங்கியிருந்தார். முதலில் சம்மதித்த மணமகள், மேக்கப் கரைந்துவிடும் என்று தெரிந்ததும் பின்வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து பெட்டி பரண் மேலே இருந்தது. அதைத் துடைத்து, அவருடைய பழைய கேமராவோடு சேர்த்து என் கையில் கொடுத்தார். பெட்டியின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் உயிர்நாடி. அதில் ஒரு தலைமுடி மாட்டினாலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே வீட்டிலேயே கேமராவை உள்ளே வைத்து மூடிவிட வேண்டும், கடற்கரை மணலில் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் வீட்டு நடுவில் பெட்டியை வைத்து அம்மாவுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். இந்தக் கொக்கியை இப்படி நெம்பினால் திறக்கும், இப்படி அமுக்கினால் மூடும், இது ரப்பர் வளையம், இதில் தூசி படக் கூடாது என்று விளக்கினேன். அம்மா கவனமாகத்தான் கேட்டாள். அந்தக் கவனம் கொக்கியோடு முடிந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "ஏன் மோனே, மீனைப் படம் புடிக்க வெள்ளத்துக்குள்ள எதுக்குப் போகணும்? நம்ம மார்க்கெட்டுல அது சும்மாதானே படுத்துக் கெடக்கு."

உயிரோடு இருக்கும் மீனைத்தான் எடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். அம்மா எழுந்துபோய் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள்.

இங்கே அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லோர் வீட்டிலும் ஆயுத பூஜைக்கு ஒருநாள்தான் பொட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லா நாளும் ஆயுத பூஜைதான். மிக்ஸிக்குப் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு, குப்பை வண்டிக்குப் பொட்டு, டி.வி. ரிமோட்டுக்குப் பொட்டு (சத்தம் கூட்டும் பட்டனின் மேலேயே வைத்திருப்பாள்). கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனே எங்கள் வீட்டில் பொட்டு வைப்பதற்காகச் சிலிண்டரைத் திருப்பிக் காட்டுவான். ஒரு பொருளோ ஆளோ வாசல் தாண்டி ஆபத்தான இடத்துக்குப் போனால் பொட்டில்லாமல் அனுப்ப அம்மாவுக்கு மனசே வராது. அப்பா ஒருநாள் அவசரத்தில் பொட்டில்லாமல் போனார், அன்றுதான் அது நடந்தது என்பது அவள் கணக்கு. அதைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் வாதாடுவதில்லை.

அன்றும் பெட்டியின் கண்ணாடியில் பெரிதாகப் பொட்டு வைத்தாள். நான் உடனே துடைத்துவிட்டேன். "அம்மா, இது வழியாத்தான் கேமரா பாக்கும். நடுவுல பொட்டு வெச்சா படத்தை மறைக்கும்" என்று கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். அம்மா பதில் பேசவில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அம்மா எதிர்த்துப் பேசாத நாள்தான் ஆபத்தான நாள். ஆனால் என் நினைப்பெல்லாம் தை மாசத்தில் இருந்தது. கேமராவை உள்ளே வைத்து மூடி, பெட்டியைப் பையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

மறுநாள் திருவனந்தபுரம் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் கோவளம் போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பயிற்சியாளராக வந்தது ஜோஸ்மி என்ற பெண். கடலுக்குள் போவதை ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்கப் போவதுபோலப் பேசினாள். முதலில் ஒரு நீச்சல் குளத்தில் வாயால் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தாள். முகமூடியை மாட்டியதும் நான் மூச்சுவிட மறந்துவிட்டேன், ஞாபகப்படுத்தியதும் மூக்கால் விட்டேன். அவள் சலிக்கவே இல்லை. "ஒந்நும் பேடிக்கண்டா சேட்டா, ஞான் பிடிச்சோளாம்" என்றாள். பயப்பட வேண்டாம், பிடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டிருக்கிறேன். படகில் ஏறியதும், பெட்டியைத் திறந்து ரப்பர் வளையத்தை ஒருமுறை பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். நேற்றே பார்த்து மூடியாகிவிட்டது, திறந்தால் மணல் விழும் என்று, ஏதோ பெட்டியைக் கண்டுபிடித்தவனே நான் என்பதுபோல் சொன்னேன்.

கடலுக்குள் இறங்கிய முதல் சில நிமிடங்களைப் பற்றி என்னால் எதுவும் எழுத முடியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஜோஸ்மி என் முதுகுச் சிலிண்டரைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் என்னைக் கொண்டுபோனாள். கண்ணைத் திறந்தபோது பாறைகளுக்கு நடுவே இருந்தோம். என்னைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக மீன்கள். அத்தனை அழகை நான் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை. பயம் போய்விட்டது. உள்ளே இருந்த கல்யாணப் போட்டோகிராபர் விழித்துக்கொண்டான்.

மீன்களைப் போல ஒத்துழைக்காத கூட்டத்தை நான் கண்டதில்லை. பட்டனை அமுக்கும் நேரம் பார்த்து அத்தனையும் திரும்பிக்கொள்ளும். வால்களாக எடுத்துத் தள்ளினேன். பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டி, "எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி வாங்க" என்று சைகை காட்டினேன். இருந்த மீன்களும் போய்விட்டன. வாய்க்குள் குழாய் இருப்பதை மறந்து, "இங்க பாருங்க" என்று கத்தினேன். குமிழிகள்தான் போயின. ஜோஸ்மி என்னைத் திருப்பி என் கண்களைப் பார்த்துவிட்டு, விரல்களை வட்டமாக்கி நலமா என்று சைகையில் கேட்டாள். நலம் என்று நானும் வட்டம் காட்டினேன்.

அப்போதுதான் அந்தக் களவா மீனைப் பார்த்தேன். பாறை இடுக்கில் அசையாமல் இருந்தது. தடித்த உதடு, தொங்கிய கன்னம், யார்மீதோ தீராத கோபம். முதல் பந்தியில் இடம் கிடைக்காத பெரிய மாமனார் என்றே சொல்லலாம். இப்படிப்பட்டவர்களைப் படம் எடுத்துத்தான் எனக்குப் பழக்கம். நானும் அசையாமல் நின்று, அது என் பக்கம் முகத்தைத் திருப்பும் வரை காத்திருந்து எடுத்தேன். அருமையாக வந்திருந்தது. அதன் கன்னத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்ததைத் திரையில் பார்த்தேன். பக்கத்தில் விலாங்கு மாதிரி ஒரு அஞ்சாலை மீன் தலையை நீட்டியது. அதையும் எடுத்தேன். அதன் கன்னத்திலும் ஒரு புள்ளி. பிறகு வந்த கிளிமீனுக்கும் அதே இடத்தில் புள்ளி. இந்தப் பக்கத்து மீன்களுக்கெல்லாம் இது ஜாதி அடையாளம் போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். (அந்த வயதில் எனக்குத் தோன்றியதையெல்லாம் விஞ்ஞானம் என்று நினைத்துக்கொள்வேன்.)

அடுத்து நடந்ததுதான் உச்சம். கேமராத் திரையில் திடீரென்று பச்சை நிறத்தில் ஒரு ஜீவன் தோன்றியது. சின்னதாக, தட்டையாக, ஓரமெல்லாம் நெளிந்து, மெல்ல மிதந்து வந்தது. கேமராவைத் தாழ்த்திவிட்டு நேரே பார்த்தால் அங்கே எதுவும் இல்லை. திரையில் பார்த்தால் இருக்கிறது. கண்ணுக்கே தெரியாத, கேமராவுக்கு மட்டும் தெரிகிற அபூர்வப் பிராணி! இலை போலவே உருவம் கொண்ட கடல் நத்தைகள் உண்டென்று எங்கோ படித்திருந்தேன். வேலை கிடைத்துவிட்டது, ரேவதி கிடைத்துவிட்டாள், அந்தப் பிராணிக்கு என் பெயரையே வைத்தாலும் வைப்பார்கள். நான் முன்னே போனால் அது முன்னே போனது, பின்னே வந்தால் பின்னே வந்தது. அப்படி ஒத்துழைத்த உயிரினத்தை அன்று முழுக்க நான் பார்க்கவில்லை. விடாமல் எடுத்துத் தள்ளினேன். ஜோஸ்மியின் கையைத் தட்டி அழைத்துத் திரையைக் காட்டினேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். அதற்குள் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது. அதில் என் அபூர்வப் பிராணி, ஒரு துளசி இலை, நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைந்துபோனது.

மேலே வந்து சென்டர் அறையில் பெட்டியைத் திறந்தார்கள். ரப்பர் வளையத்துக்கு அடியில் துளசிக் காம்பு ஒன்று மாட்டியிருந்தது. கண்ணாடியின் உள்பக்கம், ஓரமாக, கரைந்ததுபோக மிச்சம் கொஞ்சம் குங்குமம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேமரா செத்துவிட்டாலும் மெமரி கார்டில் படங்கள் இருந்தன. சென்டர் முதலாளி கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வால்கள் கடந்துபோயின. களவா வந்தது. சிவப்பாக இருந்த குங்குமம் ஏன் கறுப்பாகிவிட்டது என்று நான் ஆச்சரியப்பட, கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு நிறம்தான் முதலில் மங்கிப்போகும் என்று ஜோஸ்மி விளக்கினாள். விளக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாள். வெளியே நின்று அவள் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

முதலாளி நல்ல மனுஷர். படம் எடுக்கும் கை இருக்கிறது, ஆனால் கேமராவைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றத் தெரியாத ஆளை நம்பி எங்கள் கேமராவைக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். எறணாகுளம் வரும் வரை ரேவதியின் போனை எடுக்கவில்லை. என்ன சொல்வது? வேறு யாரையோ அவள் பக்கத்தில் நிறுத்தி நானே படம் எடுக்கும்படி ஆகிவிடுமோ என்றுகூட யோசித்தேன் (சுகுச்சேட்டன் ஆர்டர் எடுத்தாலும் எடுப்பார்). கண் கலங்கியது, கடல் தண்ணீர் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டேன், பெட்டியைத் திறந்தாயா என்று. அம்மா மறைக்கவே இல்லை.

"நீ வெளிய வெச்சதைத் தொடச்சுட்ட. அதான் விடிகாலைல வேலைக்கு எறங்கும்போது உள்ள வெச்சேன். நடுவுல வெச்சா மறைக்கும்னு நீதானே சொன்ன? ஓரமாத்தான் வெச்சிருக்கேன். தொணைக்குக் கோயில் துளசியும் வெச்சேன்."

அந்தத் துளசியால்தான் கேமரா போச்சு, வேலை போச்சு, ரேவதியும் போகப்போகிறாள் என்று வீடே அதிரக் கத்தினேன். அம்மா கொஞ்ச நேரம் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"பெட்டி போட்டும். நான் பெட்டிக்கா வெச்சேன்? நீ முழுசா வந்துட்டல்ல. வா, சாயா குடி."

அதற்கு மேல் எப்படிக் கத்துவது? சாயா குடித்தேன். கேமராவைச் சுகுச்சேட்டன் தன் சிநேகிதரின் அரிசி மண்டியில் ஒரு மூட்டைக்குள் புதைத்து வைத்தார். ஈரம் இழுக்குமாம். மட்டாஞ்சேரியில் அரிசிக்கா பஞ்சம்? ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் மூட்டை விற்றுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாரியப்பன் மாமா வந்தார். உட்காரும்போதே வேலை கிட்டியதா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று எழப்போனார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டில் வந்தவரைச் சும்மா அனுப்பும் வழக்கம் இல்லை. அம்மா அவர் கையில் ஒரு தட்டு முறுக்கைக் கொடுத்து உட்காரவைத்து, மகன் கடலுக்குள் போய் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டாள். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் டி.வி.யில் படங்களைப் போட்டேன்.

வால்கள் போகும்வரை மாமா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். களவா வந்ததும் கை நின்றது. டி.வி. நிறைய அந்தச் சிடுமூஞ்சி. அதன் தொங்கிய கன்னத்தில், குளிப்பாட்டித் துணி சுற்றிய கைக்குழந்தைக்கு வைத்ததுபோல, கனக்கச்சிதமாக ஒரு திருஷ்டிப் பொட்டு. அம்மாவும் இப்போதுதான் பார்க்கிறாள். "எவ்வளவு லட்சணமா இருக்கு பாத்தீங்களா" என்றாள், முழு மனசோடு. அடுத்து அஞ்சாலை, அதற்கும் பொட்டு. கிளிமீன், அதற்கும். மாமா என்னைப் பார்த்தார். நான் வேறு வழியில்லாமல் நடந்ததையெல்லாம் சொன்னேன், துளசி இலையைத் துரத்தித் துரத்தி எடுத்தது உட்பட.

மாரியப்பன் மாமா சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு முறுக்கு புரையேறி, அம்மா தலையில் தட்டும்படி ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி களவாவைப் போடச் சொன்னார். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனுக்கே கண்ணு பட்டுருமோன்னு பேடிக்கிற வீடு" என்றார் கடைசியில். "எம் மோளு இங்க சுகமாத்தான் இருப்பா. மாசச் சம்பளம் அவ வாங்குறாள்ல, அது போதும்."

அன்று மாலை ரேவதி போன் செய்தாள். அப்பா தின்கிற சோற்றைப் பாதியில் நிறுத்தி நிறுத்திச் சிரிக்கிறார், அப்படி என்ன செய்தாய் என்று கேட்டாள். தையிலேயே கல்யாணம் நடந்தது. சுகுச்சேட்டன்தான் படம் எடுத்தார். ஒரு படத்தில்கூட என் வலது கன்னம் சுத்தமாக இல்லை. அம்மா வைத்திருந்தாள்.

களவா படத்துக்கு ஜோஸ்மி ஒரு பிரதி கேட்டு வாங்கினாள். கோவளத்துச் சென்டரில் அதை மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்கள் இது என்ன வகை மீன் என்று கேட்கிறார்களாம். எங்கள் வீட்டில் அது சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பெட்டி ஏதும் திறந்து பார்த்தாயா என்று ரேவதி கேட்பாள். மாமா இப்போதும் மீன் வாங்கி வந்தால், பொட்டில்லாத மீனாகப் பார்த்து வாங்கியதாகச் சொல்லித்தான் கொடுப்பார்.

போன மாதம், அச்சம்மா அச்சம்மா என்று என் அம்மாவையே சுற்றிவரும் என் மகளின் எல்.கே.ஜி. டீச்சர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மகள் வரைந்த மீன், ஆமை, வாத்து, யானை, எல்லாவற்றின் கன்னத்திலும் ஒரு கறுப்புப் புள்ளி. தான் அழித்தாலும் திரும்ப வைக்கிறாள், குழந்தையின் கண்ணை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள் என்று கவலையோடு சொன்னார். ரேவதி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், அவள் தோள் அவளுடைய அப்பாவின் தோளைப் போலவே குலுங்கியது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அதை மட்டும் அழிக்காதீங்க டீச்சர். வெளிய அழிச்சா அச்சம்மா உள்ள வெச்சுருவாங்க."